உப்பு பாக்கெட்டில் தேதி எழுதி ஆரம்பித்த வேலை

சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் நேராகப் போய் நிற்பது சிறுதானியக் கடையில், இல்லாவிட்டால் ஒரு டயட் சார்ட்டை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே வந்து போய்விட்டன. சார்ட் கதவுக்கு வெளியே, ஒப்புட்டு (போளி) கதவுக்கு உள்ளே, ரொம்ப நாள் சமாதானமாக இருந்தன. அப்புறம் அப்பாவுக்கு பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டர் "உப்பு, எண்ணெய் ரெண்டையும் பாதியா குறைங்க" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தால், எதில் பாதி? இப்போது எவ்வளவு போடுகிறோம் என்று அம்மாவுக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமைக்கிற எனக்கும் தெரியாது. எல்லாம் கை அளவு, கண் அளவு.

எனக்குத் தொழில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, சேலத்தில் சிவதாபுரம் பக்கம். அங்கே வெள்ளி உள்ளே வரும்போது எடை, கம்பியாக இழுத்த பிறகு எடை, பற்றவைத்த பிறகு எடை, மெருகு போட்ட பிறகு எடை. சேதாரம் எங்கே போனது என்று மில்லிகிராம் வரைக்கும் கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வீட்டில் உப்புக் கணக்கு தெரியாமல் இருப்பது எனக்கே கொஞ்சம் உறுத்தியது. அதனால் இதை உணவுத் திட்டம் என்று எடுத்துக்கொள்ளாமல் ரிப்பேர் வேலையாக எடுத்துக்கொண்டேன். என்ன சமைக்கிறோம் என்பதில் கை வைக்க வேண்டாம், பாத்திரம், கரண்டி, டப்பா, அவை இருக்கிற இடம், பரிமாறுகிற வரிசை, இவற்றில் மட்டும் கை வைப்போம் என்று முடிவு. மனசு உறுதியை நம்பி எடுத்த வேலை எதுவும் எங்கள் வீட்டில் பொங்கல் தாண்டியதில்லை.

முதல் வேலைக்குத் தேவைப்பட்டது ஒரு மார்க்கர் பேனா. உப்பு பாக்கெட் உடைக்கிற அன்றைக்கு அதன் மேல் தேதி. எண்ணெய் கேனைத் திறக்கிற அன்றைக்கு அதன் மேல் தேதி. சர்க்கரை, துவரம்பருப்பு, ரவை, அரிசிச் சிப்பம் எல்லாவற்றிலும் அப்படியே. தராசு வேண்டாம், ஒவ்வொரு வேளையும் எழுதி வைக்கவும் வேண்டாம். காலியானதும் பாக்கெட்டைத் தூக்கிப் போடும் முன் தேதியைப் பார்த்தால் போதும், வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பது தானாக வந்துவிடும். யாரும் ஒரு விஷயத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் எதிர்ப்பும் இல்லை. இந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டாலும் லாபம்தான்.

எதோடு ஒப்பிடுவது என்பதற்கு ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலை எடுத்துக்கொண்டேன். 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, கறி வகை 85 கிராம், கொட்டை, விதை 35 கிராம், எண்ணெய், நெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்கும் முன்னான எடை. உப்பு ஆளுக்கு 5 கிராமுக்குள். இதைப் படித்தால் ஒன்றும் உறைக்காது. வீட்டுக்கு நாலு பேர் (பெண் ஹாஸ்டலில் இருக்கிறாள்), மாதம் 30 நாள் என்று பெருக்கிப் பார்த்தால்தான் உறைக்கும்.

உப்பு 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஒன்றரை மாதம் தாண்டி வர வேண்டும், அதுவும் ஊறுகாய், அப்பளம், மிக்சர், பிஸ்கட், பிரெட் இவற்றில் ஒளிந்திருக்கிற உப்பைச் சேர்க்காமல். எங்களுடையது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் 3 கிலோ 240 கிராம், ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் சுமாருக்கு நிற்கும் என்பதால் மூன்றரை லிட்டர். நாங்கள் வாங்கும் 5 லிட்டர் கேன் மாதக் கடைசியில் சாய்த்து வைத்து வடிக்கிற நிலைமை. ஆச்சரியம் அரிசியில்தான்: ஒரு மாதத்துக்கு 30 கிலோ தானியம் வரைக்கும் போகலாம், எங்கள் 26 கிலோ சிப்பமும் ரேஷன் அரிசியில் போடும் இட்லியும் கோதுமையும் சேர்த்தால் கொஞ்சம்தான் அதிகம். சோற்றை நிறுத்து, சோற்றை நிறுத்து என்று ஊரே கத்துகிறது, எங்கள் வீட்டில் பிரச்சினை அங்கே அவ்வளவாக இல்லை. காய்கறியில் இருந்தது. நாலு பேருக்கு நாளைக்கு 1 கிலோ 600 கிராம், வாரத்துக்கு 11 கிலோ. நான் சூரமங்கலம் உழவர் சந்தையிலிருந்து வண்டியில் மாட்டிக்கொண்டு வருகிற பை, தக்காளி வெங்காயத்தோடு சேர்த்தே, அதில் பாதிகூட வராது.

ஆக டாக்டர் சொன்ன பாதி சரிதான், ஆனால் அவர் சொல்லாமல் விட்டது காய்கறியை இரட்டிப்பாக்குவது. குறைப்பதை விட அது கஷ்டம்.

உப்பிலிருந்து ஆரம்பித்தேன். பட்டறையில் காலையில் அவரவருக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள், சாயங்காலம் அதற்குத்தான் கணக்கு. அதே முறையை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம். தினமும் காலையில் அதில் தலை தட்டிய டீஸ்பூனால் நாலு ஸ்பூன் தூள் உப்பு, ஸ்பூனுக்கு சுமார் 5 கிராம், ஆளுக்கு ஒன்று. பெரிய உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது, ஸ்டூல் போட்டால்தான் எட்டும். அன்றைய சமையல் முழுக்க அந்தச் சம்புடத்திலிருந்து. அம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, நாப்பது வருசமா ஆக்கிப் போடறேன், எனக்கே ரேஷனா?" என்றார். "ரேஷன் உங்களுக்கு இல்லீங்கம்மா, அப்பாவோட மாத்திரைக்கு" என்றேன். சரி, என்னமோ பண்ணு என்று விட்டுவிட்டார். ஆனால் இரண்டு மூன்று நாளில் அவருக்கே அதில் ஒரு விளையாட்டு வந்துவிட்டது, சாயங்காலம் சம்புடத்தில் மிச்சம் இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

உப்பு எங்கெங்கே போகிறது என்று பார்த்தபோது சாம்பாரில் போனது கொஞ்சம்தான். இட்லி மாவு, சட்னி, பொரியல், ரசம், தயிர்ச் சோற்றுக்குக் கையால் ஒரு சிட்டிகை, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், பக்கத்தில் அப்பளம். ஒரே தட்டில் எல்லாமே முழு உப்போடு நிற்கிறது. அதனால் ஒரு விதி வைத்தோம்: ஒரு வேளைக்கு ஒன்றில் மட்டும் உப்பு முழுசாக இருக்கும், மற்றதெல்லாம் பாதி. குழம்பில் சரியாக இருந்தால் பொரியலில் பாதி போட்டாலும் சேர்த்துச் சாப்பிடும்போது நாக்குக்குத் தெரிவதில்லை. பொரியலுக்கு உப்பை ஆரம்பத்தில் போட்டு வதக்காமல் இறக்கும்போது தூவினால் குறைவாகப் போட்டாலே உறைக்கிறது. எலுமிச்சை கொஞ்சம் பிழிந்தால், இல்லாவிட்டால் மிளகை நுணுக்கிப் போட்டால் குறை இன்னும் மறையும். ஏற்காட்டு மிளகு வீட்டில் எப்போதும் இருக்கிறது, அக்கா கொடுத்து அனுப்புவது. நாக்கு பழகச் சில வாரம் ஆகும் என்பார்கள், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது, அதற்கு அப்புறம் வெளியே சாப்பிட்ட சாம்பார்தான் கரித்தது.

இங்கே ஒரு இடைச்செருகல். இந்துப்புக்கு மாறுங்கள், கல் உப்புக்கு மாறுங்கள் என்று சொல்லாத உறவினர் கிடையாது. தூள் உப்போடு சேர்த்து மூன்றுமே சோடியம் குளோரைடுதான், கிராமுக்குக் கிராம் பெரிய வித்தியாசம் இல்லை. கல் உப்பை ஸ்பூனால் எடுத்தால் இடையில் சந்து இருப்பதால் எடை கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான் லாபம். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை, அது நஷ்டம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் கலந்திருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அப்பளத்தில் உப்பு தவிர அப்பளக்காரம் வேறு, அதுவும் சோடியம்தான். அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டுச் சாப்பிட்டால் எண்ணெய் மிச்சம், உப்பு அப்படியே.

எண்ணெய்க்கும் அதே சம்புட முறைதான், நாலு பேருக்கு நாளைக்கு 120 மில்லி, பழைய டானிக் பாட்டில் ஒன்றைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து அதில் கோடு போட்டேன். உண்மையில் வேலை செய்தது பாட்டிலை விட அதன் மூடி. இருமல் மருந்து பாட்டிலோடு 5, 10, 15 மில்லி என்று கோடு போட்ட குட்டிக் கப் ஒன்று வருமே, அதேதான். தூக்கிலிருந்து நேராக வாணலியில் சாய்த்தால் எவ்வளவு விழுகிறது என்று ஒருநாள் மனைவி சாய்த்ததை வாங்கி அளந்து பார்த்தேன், 30 மில்லிக்கு மேல். ஒருவருடைய முழு நாள் அளவு ஒரு பொரியலுக்கு. தாளிக்க 10 மில்லி தாராளம், தாளிப்புக் கரண்டியில் செய்தால். அகலமான வாணலியில் 10 மில்லி ஊற்றினால் அடியில் பரவிக் காணாமல் போய்விடும், கை தானாக இன்னொரு தடவை சாய்க்கும். கரண்டி சின்னதாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். தோசைக்கு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிற பழைய வழி, இரும்புக் கல் நன்றாகப் பழகியிருந்தால் அது போதும், இல்லாவிட்டால் ஒட்டும், அப்போது கல்லைத்தான் திட்ட வேண்டும்.

மரச்செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு ஊற்றினாலும் நல்லது என்று ஒரு நம்பிக்கை இந்தப் பக்கம் பலமாக இருக்கிறது. மணம் நல்லதுதான், நானும் கடலை எண்ணெய் செக்கில்தான் வாங்குகிறேன். ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான், செக்கு சுற்றினாலும் மெஷின் சுற்றினாலும்.

வடை, பஜ்ஜி விஷயத்தில் பணியாரக் கல்லில் வடை சுட்டுப் பார்த்தோம். அப்பா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "பணியாரம் நல்லாருக்குது, வடை எப்ப வரும்?" என்றார். அத்தோடு அதை விட்டாயிற்று. வடை வேண்டுமென்றால் எண்ணெயில் பொரித்த வடையையே எப்போதாவது சாப்பிடுவது, போலி வடையை அடிக்கடி சாப்பிடுவதை விட மேல் என்பது என் கட்சி. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி உடனே ஒரு இரண்டு நாள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுகிறோம், திரும்பப் பொரிப்பதற்கு வைப்பதில்லை.

இனி காய்கறி. நேரமும் யோசனையும் அதிகம் போனது இதில்தான்.

உழவர் சந்தை 1999ல் மதுரையில் ஆரம்பித்த திட்டம், சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று பல இடத்தில் இருக்கிறது, விலைப்பலகை இருப்பதால் பேரம் பேசுகிற அலுப்பு இல்லை, விடியற்காலையில் போனால் கீரை பனியோடு கிடைக்கும். வாங்குவது சுலபம். வாரத்துக்கு 11 கிலோவையும் சாப்பிட்டு முடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் வியாழக்கிழமைக்குள் பாதி வாடிப்போகும். வாடினதைப் பார்த்து மனம் நொந்து அடுத்த வாரம் குறைவாக வாங்குவோம், இதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது என்று நினைக்கிறேன். இதற்கு நாங்கள் செய்தது, என்ன சமைக்கலாம் என்ற கேள்வியை எடுத்துவிட்டு எது முதலில் வாடும் என்ற கேள்வியை வைத்தது. சந்தை நாளும் மறுநாளும் கீரை. அப்புறம் வெண்டை, கத்தரி, அவரை. நடுவில் பீன்ஸ், முட்டைக்கோஸ். கடைசி நாட்களுக்கு பீட்ரூட், கேரட், சௌ சௌ, பூசணி, இவை காத்திருக்கும். மெனு தானே அமைந்துவிட்டது, "இன்னைக்கு என்ன ஆக்கறது" என்ற தினசரிப் பஞ்சாயத்தும் போயிற்று.

கீரையைச் சந்தையிலிருந்து வந்த அன்றே ஆய்ந்துவிட வேண்டும், கழுவக்கூடாது, சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். ஆய்ந்ததை பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் பிளாஸ்டிக் பையில் வைப்பதை விட நன்றாக நிற்கிறது, ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்கிறது. ஆய்கிற வேலையை அப்பாவிடம் கொடுத்தோம். டிவி முன்னால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்வார், கையில் முறம் இருக்கிற நேரத்தில் மிக்சர் கிண்ணம் இருக்க முடியாது என்பது கூடுதல் லாபம். அப்புறம் ஃப்ரிட்ஜில் அடித்தட்டு டிரேயில் இருந்த காய்களை கண்ணுக்கு நேரான தட்டுக்கு ஏற்றி, ஜாம், சாஸ், மிச்சம் மீதி எல்லாவற்றையும் டிரேக்கு இறக்கினேன். கம்பெனிக்காரன் டிரேக்கு வெஜிடபிள் டிரே என்று பேர் வைத்திருக்கலாம், கதவைத் திறந்தால் கண்ணில் படாத காய் எங்கள் வீட்டில் சமையலுக்கு வராது. டிரேயில் ஈரப்பதம் நிற்பதால் காய் வாடாது என்பது உண்மை, அதற்காகத்தான் துணி.

பரிமாறும் விஷயத்தில் சின்னத் தட்டு வைத்தால் குறைவாகச் சாப்பிடுவோம் என்று படித்ததைச் செய்து பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் தட்டு காலியானால் போட ஒருவர் நின்றுகொண்டே இருப்பார், தட்டின் அளவு அங்கே யாருக்கு வேண்டும். வேலை செய்தது கரண்டி மாற்றம். சோற்றுக்கு இருந்த பெரிய அன்னக்கரண்டி பொரியலுக்குப் போனது, பொரியலுக்கு இருந்த சின்னக் கரண்டி சோற்றுக்கு வந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் ரெண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி பொரியல் என்று கை கணக்கு வைத்திருக்கிறதே தவிர கிராம் கணக்கு இல்லை, கரண்டியை மாற்றினால் கை அதே கணக்கைத்தான் சொல்லும், தட்டில் விழுவது மாறிவிடும். கூடவே பொரியலும் கடைசலும் முதலில் தட்டுக்கு வரும், அதில் பாதி உள்ளே போன பிறகு சோறு. காயும் பருப்பும் முதலில், சோறு பிறகு என்ற வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள், சர்க்கரை இருக்கிற அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "கல்யாணப் பந்தியிலயும் காயைத்தானே மொதல்ல வைக்கறாங்க" என்றார். வைக்கிறார்கள்தான், நாம்தான் சோறு வரும் வரைக்கும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

சாப்பிட்டு எழுந்ததும் டீ, காபி குடிக்கிற பழக்கம் அப்பாவுக்கு. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் டீயில் இருப்பது தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். இதற்குச் செய்தது ஒன்றும் இல்லை, ஃபிளாஸ்க்கை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்தோம்.

சேலத்தில் இருந்துகொண்டு சாயங்கால நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஐந்து மணி ஆனால் தெருமுனைக்குத் தெருமுனை தட்டுவடை செட் வண்டி. வெளியூர்க்காரர்களுக்கு: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துக் கொடுப்பார்கள், நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். இதை நிறுத்து என்று யார் சொன்னாலும் ஊரில் கேட்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், பச்சைக் காய்கறியை இவ்வளவு ஆசையாகச் சாப்பிட வைக்கிற பலகாரம் வேறு எங்கே இருக்கிறது? எண்ணெய் அந்தத் தட்டுவடையில், உப்பு அதிலும் சட்னியிலும். ஆகவே வீட்டில் விகிதத்தைத் திருப்பினோம். ஒரு பெரிய கிண்ணம் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக வெங்காயம், வெள்ளரி, மாங்காய் கிடைக்கிற காலத்தில் கிளிமூக்கு மாங்காய், மல்லி புதினாச் சட்னி, பூண்டு மிளகாய்ச் சட்னி, எலுமிச்சை, அதற்கு மேல் ஆளுக்கு ஒரே ஒரு தட்டுவடையை உடைத்துத் தூவுவது, கூடவே வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. மொறுமொறுப்பு வாய்க்குக் கிடைத்துவிடுகிறது. ராத்திரி சாப்பாடு தானாகவே குறைந்தது, யாரும் குறைக்கச் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனையில் அடுத்த வீடு வரைக்கும் பரவியது இது ஒன்றுதான்.

ஜவ்வரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசி ஆலைகளும் இந்த மாவட்டத்தின் பிழைப்பு, 1981லிருந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெருமை சரி. ஆனால் காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுப்பதால் அதைச் சத்துள்ள உணவு என்று பல பேர் நினைக்கிறார்கள், அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் பெயருக்குத்தான். ஜவ்வரிசி உப்புமா செய்தால் கடலையைப் பொடித்துப் போட்டு, காயை ஜவ்வரிசி அளவுக்குச் சமமாகப் போட்டு, பக்கத்தில் தயிர் வைத்துச் சாப்பிட்டால் ஒரு வேளை உணவாகும். வெறுமனே என்றால் அது இன்னொரு கப் சோறு.

சிறுதானியத்தை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் சாமை, தினை, கம்பு எல்லாம் கிடைக்கிறது, முன்னெல்லாம் சேர்வராயன் மலைமேல் விளைந்து கீழே வந்ததுதான் சாமை. வாங்கும்போது ரொம்ப வெள்ளையாக, அரிசி மாதிரி பளபளவென்று இருப்பதைத் தவிர்த்தேன், தவிடு முழுக்க நீக்கியிருப்பார்கள், அப்புறம் சாமைக்கும் பச்சரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் மங்கலாக, சாம்பல் கலந்த நிறத்தில் இருப்பது நல்லது, ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், அரைமணி ஊறவைத்தால் குழையும். சாமையும் தானியம்தான், 250 கிராம் கணக்குக்குள் வருவதுதான், சாமை என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் கணக்கு அதேதான். கேழ்வரகு மட்டும் தனிக் கதை, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பால் பிடிக்காத மனைவிக்கு அது உதவி. களிக்கு இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, மூடி வேகவிட்டு, துடுப்பால் கிண்டி உருண்டை பிடித்து, நடுவில் குழி போட்டுக் கீரைக் கடைசல் ஊற்றினால், கையோடு கீரைக் கணக்கும் ஏறிவிடும்.

அக்கா வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். நான் செய்ததையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டு அவரும் ஆரம்பித்தார், ஆனால் மலையில் சில விஷயம் அப்படியே நடக்கவில்லை. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் சாமையும் வேக நேரம் அதிகம் பிடிக்கும், குக்கரில் வைப்பதுதான் வழி. பச்சைப்பயறு முளைகட்ட இங்கே எட்டு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கோடையில் மறுநாள் காலையில் முளை வந்துவிடும், அங்கே மார்கழியில் இரண்டு நாள் ஆனாலும் கண்ணைத் திறக்காது. அடுப்பங்கரைப் பரணில், புகை சூடு படுகிற இடத்தில் வைத்த பிறகுதான் வந்தது. இங்கே சூட்டில் அது சீக்கிரம் கெடவும் செய்யும், நடுவில் ஒருமுறை தண்ணீர் தெளித்து அலச வேண்டும், வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்துக் கொடுப்பது பத்திரம்.

அக்காவின் பிரச்சினை வேறு. தோட்டத்திலேயே சௌ சௌ, பீன்ஸ், ஆரஞ்சு, பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் எல்லாம் இருக்கிறது, பசங்க சாப்பிடுவது நூடுல்ஸ். குளிருக்குச் சூடாக, அஞ்சு நிமிசத்தில் எதாவது வேண்டும், அது நியாயமான ஆசைதான். "மாமா, அம்மா சொல்றதெல்லாம் கேக்க முடியாது, பசிக்குது" என்று சின்னவன் போனில் என்னிடம் புகார். அவர்கள் வீட்டில் செய்த மாற்றம்: காலையில் சமைக்கும்போதே பருப்பு வேகவைத்த தண்ணீரில் மிளகு, பூண்டு, நறுக்கின சௌ சௌ போட்டு ஒரு சூப் ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அது கண்ணில் படும். நூடுல்ஸ் பாக்கெட்டுகள் பரணுக்கு. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஏணி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏணியை எடுக்கிற நாளும் உண்டு, அன்றைக்கு அந்த மசாலாப் பாக்கெட்டில் பாதியை மட்டும் போடுவது, உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

செலவைக் கேட்பீர்கள். காய்கறிச் செலவு ஏறியது, மறைக்க ஒன்றும் இல்லை. எண்ணெயிலும் மிக்சர், பிஸ்கட்டிலும் மிஞ்சியது அதில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டியது. முள்ளங்கி, சுரைக்காய், பூசணி, தண்டங்கீரை மலிவாக இருக்கிற வாரத்தில் சமாளிக்கலாம், தக்காளி ஏறுகிற மாதத்தில் 11 கிலோ வராது, எட்டு வந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். பழத்துக்குக் கொய்யாவும் வாழையும்தான். மாம்பழக் காலத்தில் மட்டும் எல்லாக் கணக்கும் நின்றுவிடும், மல்கோவா வீட்டுக்குள் வந்த பிறகு 100 கிராம் என்று யாரிடமும் பேச முடியாது, ஜூஸ் போடாமல் வெட்டிச் சாப்பிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது உப்பு பாக்கெட் ஒரு மாதம் தாண்டி நிற்கிறது, ஒன்றரை மாதம் வரவில்லை. எண்ணெய் கேனில் அடுத்த மாதத்துக்கு மிச்சம் இருக்கிறது. அப்பாவின் மாத்திரை அப்படியேதான் தொடர்கிறது, அதைக் குறைப்பதா வேண்டாமா என்பது டாக்டர் வேலை.

இன்னும் கை வைக்காதது சர்க்கரை. ஒரு நாளைக்கு ஆளுக்கு 25 கிராமுக்குள் என்பது கணக்கு, வீட்டுப் பாக்கெட்டில் தேதி பார்த்தால் நாங்கள் யோக்கியர்கள் மாதிரி தெரிகிறது, ஏனென்றால் என் சர்க்கரை வீட்டில் இல்லை, பட்டறைக்கு வருகிற டீயில் இருக்கிறது. கேனில் மொத்தமாகப் போட்டுக் கலந்து கொண்டுவருகிறார்கள், கம்மியாகப் போடு என்று ஒருவருக்காகச் சொல்ல முடியாது. சர்க்கரை இல்லாத பால் டீ ஒரு கேன், சர்க்கரை தனி டப்பாவில், ஸ்பூன் சின்னதாக, என்று கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், மீதிப் பேர் ஸ்பூன் எவ்வளவு சின்னது என்று கேட்கிறார்கள்.